பின்தட்டைப் பிடித்தவன்

எங்கள் அண்ணன் உமாபதி பொய் சொன்னால் எனக்கு உடனே தெரிந்துவிடும் என்று இருபத்தேழு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். மூக்கைச் சொறிவான், பேச்சை மாற்றுவான், அம்மாவைச் சாட்சிக்கு இழுப்பான். இத்தனையும் தெரிந்து வைத்திருந்த என் காதிலேயே முழம் முழமாகப் பூச் சுற்றினான். அதைத்தான் சொல்லப்போகிறேன். கோபமாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஆந்திர எல்லையில் இருக்கிற நகரிக்காரர்கள். அப்பாவை நைனா என்போம், அவர் அங்கே பவர்லூம் ஓட்டினார். அவர் இறந்துபோன பிறகு அம்மா பாப்பாத்தி எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு சித்தூருக்கு வந்து மாங்கூழ் பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அண்ணன் கல்யாண வீடியோ எடுக்கப் பழகினான். நான் டிகிரி முடித்துவிட்டு ஒரு டிடிபி சென்டரில் இருந்தபடியே எடிட்டிங் கற்றுக்கொண்டேன். அவன் எடுத்துக்கொண்டு வருவான், நான் வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு முடிப்பேன். வீட்டு முன்னறைதான் எங்கள் கம்பெனி. ஆறு வருடம் இப்படி ஓடியதில், எந்த மாப்பிள்ளை தாலி கட்டும்போது கேமராவைப் பார்ப்பான், எவன் பெண்ணைப் பார்ப்பான் என்று முகத்தை வைத்தே சொல்லும் அளவுக்கு நான் தேறிவிட்டேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது ஒரே ஆசை, திருப்பதியில் ஒரு ஸ்டூடியோ. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வேலைக்குப் போனவர்கள் எல்லாம் பிள்ளைகளின் கல்யாணத்தைப் பெருமாள் காலடியில் வைத்துக்கொள்ளத் திருப்பதிக்குத்தான் வந்து இறங்குகிறார்கள். சித்தூரில் உட்கார்ந்து காது குத்து வீடியோ வெட்டிக்கொண்டிருந்தால் அவர்கள் நம்மைத் தேடி வருவார்களா? முன்னால் ரிசெப்ஷன், உள்ளே ஏசி ரூம், அந்த ரூமில் எனக்கென்று ஒரு சுழல் நாற்காலி. அண்ணன் இதைச் சொல்லும்போதெல்லாம் நான் அந்த நாற்காலியில் மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். அம்மா கொண்டுவந்த வரன்களை அதற்காகவே ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டேன். திருப்பதிக்குப் போய் உட்கார்ந்த பிறகு எவன் வந்தாலும் கழுத்தை நீட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

இது இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் நடந்தது. அண்ணன் புதுக் கேமரா வாங்கினான். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் எங்கள் பழைய கம்ப்யூட்டரால் அதைத் தாங்க முடியவில்லை. சித்தூர் வெயில் வேறு. பக்கத்தில் டேபிள் ஃபேன் வைத்துக் காற்று வாங்கிக் கொடுத்தாலும், சரியாக முகூர்த்தம் வரும் இடத்தில் சூடேறித் தானாக அணைந்துவிடும். இப்படி ஒரே தாலியை நான்கு தடவை கட்ட வைத்திருக்கிறேன். ஆகவே புது மிஷின் ஒன்றைச் சொந்தமாகப் பொருத்திக்கொள்வது என்று பொங்கலன்று முடிவு செய்தோம். என்னென்ன பாகம் வேண்டும் என்று பட்டியல் போட்டது நான். அதில் கடைசியாக எழுதியதுதான் பெரிய கூலர்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்குள் கணக்கெல்லாம் போடுகிற பிராசஸர் ஒரு பிஸ்கெட் அளவுதான் இருக்கும். வீடியோ வேலை செய்தால் அது அடுப்பு மாதிரி கொதிக்கும். அதன் தலைமேல் உட்கார்ந்து சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளுவதுதான் கூலர். கூடவே வருகிற குட்டிக் கூலர் ஊட்டிக்குப் போதும், எங்கள் ஊருக்குப் போதாது. நான் கேட்டது இரட்டைக் கோபுரம் மாதிரித் தகடுகள் அடுக்கி, இரண்டு ஃபேன் வைத்த பெரிய சாமான். பெங்களூர்க் கடையில் கேட்டால் வரும் வரும் என்றார்கள், வரவில்லை.

அதைக் கொண்டுவந்து கொடுத்தது மோனிகா. அவள் அப்பா நகரியில் எங்கள் தெருக்காரர். இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும் என்று பயந்து ஊரூராக ஆள் எடுத்தார்களே, அப்போது ஐதராபாத்தில் கோர்ஸ் படித்துவிட்டு நியூஜெர்சி போனவர். மகளின் கல்யாணத்தை வைகாசியில் திருப்பதியில் வைத்திருந்தார். வீடியோ எங்களுடையது. பாட்டுத் தேர்வு பற்றி மோனிகாவும் நானும் மெயிலில் பேசிப் பேசிச் சிநேகமாகிவிட்டோம், நேரில் மட்டும் பார்த்ததில்லை. மாசி மாதம் பட்டுப்புடவை எடுக்க வந்தவள் கூலரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தாள். சென்னை ஏர்போர்ட்டில் கஸ்டம்ஸ்காரர் அதைத் தட்டிப் பார்த்து என்ன என்று கேட்டாராம். இவள் ஃபேன் என்றாளாம். ஃபேனை அமெரிக்காவிலிருந்து தூக்கிக்கொண்டு வருவார்களா என்று அவர் அரைமணி நேரம் நிற்க வைத்துவிட்டாராம். அண்ணன் போய் அவளிடமிருந்து வாங்கி வந்தான். ஒரு ஃபேனுக்கு இவ்வளவு கனமா என்று நம்பாமல் அம்மா அதைக் கையிலெடுத்து, தெருமுனை மளிகைக் கடைக்குப் போய்த் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். ஒன்றேகால் கிலோ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் பொருத்தினோம். அந்தக் காலையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். மதர்போர்டு என்கிற பெரிய அட்டைக்குப் பின்பக்கம் ஒரு இரும்புத் தட்டை ஒட்டிப் பிடிக்க வேண்டும். அதுதான் கூலரின் கனத்தைத் தாங்கப் போகிறது. முன்பக்கம் இருப்பவர் மரைகளை மாட்டி, பிராசஸர் மேல் சூடு கடத்துகிற பேஸ்ட்டைப் பருப்பளவு வைத்து, கூலரை ஆடாமல் இறக்கி, திருகாணிகளைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். ஒரே பக்கமாக முறுக்கினால் போர்டு விரிசல் விட்டுவிடும். அண்ணன் தட்டைப் பிடித்தான், நான் முறுக்கினேன். கை வலிக்கிறது, விடட்டுமா என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். நான் விடாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

முடிந்ததும் ஒன்று சொன்னேன். கூலர் போர்டிலிருந்து பக்கவாட்டில் தொங்குகிறது, கம்ப்யூட்டர் பெட்டி ஓரிடத்தில் நிற்கும்வரை பிரச்சினை இல்லை. எங்கேயாவது தூக்கிக்கொண்டு போவதானால் பெட்டியைப் படுக்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். நிற்க வைத்தால் குலுக்கலில் அந்தக் கனம் போர்டையே பிய்த்துவிடும். மூன்று தடவை சொன்னேன். அவனும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரித் திருப்பிச் சொன்னான்.

பிறகு ஸ்விட்சைப் போட்டோம். பழைய மிஷின் அணைந்துபோகிற வேலையைக் கொடுத்தேன், சூடு அறுபது டிகிரியைத் தாண்டவில்லை. கூலர் உயரத்துக்குப் பக்கக் கதவு மூடவில்லை. பல்லி போகாமல் இருக்கக் கொசுவலைத் துணியை வெட்டிக் கட்டினேன். அண்ணன் என் தலையைத் தட்டி, "நீ இல்லன்னா இத யாரும்மா செய்வாங்க?" என்றான். பாராட்டுகிறான் என்று பூரித்துப்போனேன். அவன் உண்மையிலேயே அதை யோசித்து வைத்திருந்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மோனிகா கல்யாணத்துக்கு நானும் திருப்பதி வருகிறேன் என்றேன். மூன்று நாள் மண்டபத்தில் ஆம்பளைப் பசங்களோடு தங்கவேண்டும், வேண்டாம் என்றாள் அம்மா. அண்ணனும் நீ வீட்டில் தயாராக இரு, படம் வந்த உடனே வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்றான். சரி என்று இருந்துவிட்டேன். படம் வந்தது. எல்லாவற்றையும் புது மிஷினில் ஏற்றினேன். மோனிகா நியூஜெர்சிக்குத் திரும்பப் பதினைந்து நாள்தான் இருந்தது, அதற்குள் முடித்துக் காட்ட வேண்டும். முதல் பாட்டை வெட்டி வைத்திருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து அம்மா என்னை வெதுருகுப்பத்துக்கு அனுப்பினாள். சித்தி பேத்திக்குப் பெயர் வைக்கிறார்கள், நம் வீட்டிலிருந்து ஒருத்தராவது போகாவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள் என்றாள். வேலை கிடக்கிறதே என்றேன். இரண்டு நாளில் ஒன்றும் முழுகிவிடாது என்றாள். போனேன். அங்கே குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு எல்லோரிடமும் திருப்பதி ஸ்டூடியோவைப் பற்றி அளந்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் மேஜை காலி. மிஷின் இருந்த இடத்தில் சதுரமாக ஒரு சுத்தமான இடம், சுற்றிலும் தூசு. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். திருப்பதியில் ரூம் அமைந்துவிட்டதாம். அன்றைக்கு விட்டால் ஆனியில்தான் நல்ல நாளாம். வீட்டிலேயே பூஜை போட்டுப் பெட்டியை எடுத்துப் போய்க் கடையைத் திறந்துவிட்டானாம். நான் இல்லாமலேயா என்று கத்தினேன். நீ வருவதற்குள் நேரம் தாண்டிவிடும் என்றாள். இரண்டு நாள் முன்னால் தெரியாத நல்ல நாள் திடீரென்று எங்கிருந்து முளைத்தது என்று எனக்குத் தோன்றவில்லை. ஆத்திரம் வந்தது, ஆனால் சந்தேகம் வரவில்லை. அண்ணன் எப்போதுமே அவசரக்குடுக்கை. திறப்புவிழாவைத்தான் தவறவிட்டேன், நாற்காலி எங்கே போய்விடும் என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டு ஒரு பையில் நான்கு செட் துணி எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலையில் அண்ணனே போன் செய்தான். என்னைக் கூப்பிடத்தான் செய்கிறான் என்று ஓடிப்போய் எடுத்தேன். மிஷின் ஆன் ஆகவில்லையாம். ஒரு தடவை ஃபேன் சுற்றி நின்றதாம், ஏதோ கருகல் வாசனை வந்ததாம். எப்படிக் கொண்டுபோனாய் என்று கேட்டேன். 

"நிக்க வச்சிதாம்மா எட்த்துனு வந்தேன்" என்றான். "முன்னால சாமி ஸ்டிக்கர் ஒட்டி, பொட்டு வச்சி, மாலை போட்டாச்சி. சாமிய மல்லாக்க படுக்க வச்சினு போவக் கூடாதுன்னு அம்மா ஒரே புடியா சொல்லிடுச்சி."

உலகத்தில் வேறு எந்த வீட்டிலும் இது நடந்திருக்காது. ஆயிரம் பேர் ஆராய்ச்சி செய்து உண்டாக்கிய சாமானுக்கு மாலை போட்டு, மாப்பிள்ளை மாதிரி ஆம்னி வேன் சீட்டில் நிமிர்த்தி உட்கார வைத்து, பக்கத்தில் இவன் கட்டிப்பிடித்துக்கொண்டு போயிருக்கிறான். பூதலப்பட்டுத் தாண்டி ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்த ஒன்றேகால் கிலோ போர்டை என்ன பாடுபடுத்தியிருக்கும்! வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நீ வந்தால்தான் ஆகும் என்றான். மீதி பேஸ்ட், திருப்புளிகள், துணிப்பை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இனிமேல் அங்கேயே தங்குவதுதானே என்று தலையணை உறைகூட எடுத்துக்கொண்டேன்.

பைபாஸ் ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது ஸ்டூடியோ. வாசலில் 'உமாபதி டிஜிட்டல்ஸ்' என்று பெரிய போர்டு. 'உமா – சந்தியா' என்று என் பெயரையும் சேர்த்து வைப்பதாகத்தான் பேச்சு. போர்டில் இடம் போதவில்லை, நீளமாக இருந்தால் கண்ணில் படாது என்று பெயிண்டர் சொன்னதாக அண்ணன் சொன்னான். மூக்கைச் சொறிந்தான். உள்ளே போனேன். ஏசி ரூம் இருந்தது. சுழல் நாற்காலி இருந்தது. அதில் கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து, "ரண்டி அக்கா" என்று தெலுங்கில் வரவேற்றார். பெயர் கிரண்குமார், குப்பம் என்கிற ஊர்க்காரர், கொஞ்ச நாள் ஒத்தாசைக்கு வந்திருக்கிறார் என்றான் அண்ணன். நல்லதுதான், எனக்கும் ஒரு ஆள் வேண்டியிருந்தது என்று நினைத்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், அவருக்கு என்னென்ன வேலை கொடுக்கலாம் என்றுகூட அந்த நிமிஷத்திலேயே யோசித்தேன்.

பெட்டியைப் படுக்க வைத்துத் திறந்தேன். கூலர் தலை சாய்ந்து கிடந்தது. போர்டில் திருகாணித் துளை ஒன்றிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடியிருந்தது. போர்டு போயிற்று, டிஸ்க்கும் பிராசஸரும் பிழைத்தன. மோனிகாவின் கல்யாணம் பத்திரமாக இருந்தது. புது போர்டு வாங்கி வா என்று மாடலை எழுதிக் கொடுத்து அண்ணனைக் கடைக்கு அனுப்பிவிட்டு, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுப் பழைய பேஸ்ட்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

கிரண்குமார் நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை. பேச்சுக் கொடுப்பதற்காக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர், இந்த மிஷின் எப்போது தயாராகும் என்று மாதக்கணக்காகக் காத்திருந்ததாகச் சொன்னார். மாதக்கணக்காகவா என்றேன்.

"அவுனக்கா, ஆமா. பொங்கல் முடிஞ்ச வாரமே அண்ணா குப்பம் வந்து எங்க நைனாகிட்ட பேசிட்டாரு. மிஷின் ரெடியாயி, அந்த அமெரிக்கா கல்யாணம் முடிஞ்சதும் எடிட்டரா வந்துடுன்னாரு. அதுக்குதான் பெங்களூர் வேலைய விட்டுட்டேன்."

துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. பொங்கலன்று நான் பட்டியல் எழுதினேன். அதே வாரம் இவன் குப்பத்துக்குப் போயிருக்கிறான். கூலர் வந்தது மாசியில். அதைப் பொருத்தியது அதற்கும் பிறகு. என்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை, தட்டைப் பிடித்துக்கொண்டு முகத்துக்கு முகம் பார்த்து நின்றானே, அப்போதே இந்த நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைத்துவிட்டான். வெதுருகுப்பம் போனதும் ஏற்பாடுதான். அம்மாவுக்கும் தெரியும். வீட்டில் மூன்று பேர், இரண்டு பேருக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. ஸ்பிரிட் வாசனையா வேறு எதுவா என்று சொல்லத் தெரியவில்லை, கண் எரிந்துகொண்டே இருந்தது.

கிரண்குமாருக்கு ஏதோ புரிந்துவிட்டது. புதுப் பஞ்சு ஒன்றைக் கிழித்து என் பக்கம் வைத்தார்.

அண்ணன் போர்டோடு வந்தான். தட்டை நான் பிடிக்கட்டுமா என்று கிரண்குமார் கேட்டார். வேண்டாம், அண்ணன் பிடிக்கட்டும், அவனுக்குப் பழக்கம் என்றேன். அண்ணன் அவரை டீ வாங்கிவர அனுப்பினான். இரண்டு பேரும் மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்தோம். அவனுடைய இரண்டு கையும் போர்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டன, மூக்கைச் சொறியக்கூட வழியில்லை. நான் மரைகளை மாட்டினேன், பேஸ்ட் வைத்தேன், கூலரை இறக்கினேன். முதல் திருகாணியில் திருப்புளியை வைத்துவிட்டுக் கேட்டேன்.

"தை மாசமே ஆள் பாத்துட்டியா ண்ணா?"

அவன் கிரண்குமார் போன கதவைப் பார்த்தான். "அம்மாதான்..." என்று ஆரம்பித்தான்.

"அம்மாவ வுடு. நீ ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேட்டா நீ வரேன்னுவ" என்றான். "அதான் கேக்கல."

சண்டை போடுவான், சமாதானம் சொல்வான் என்றுதான் எதிர்பார்த்தேன். இவ்வளவு சின்ன, இவ்வளவு உண்மையான பதிலை எதிர்பார்க்கவில்லை. பிறகு அவனாகவே அடுக்கினான். வெளியாட்கள் வந்துபோகும் இடம், வயசுப்பெண் மூடிய ரூமில் உட்கார்ந்திருந்தால் பெண் கேட்டு எவன் வருவான். நாளைக்கே நான் கல்யாணமாகிப் போய்விட்டால் பாதித் தொழிலில் அவன் அந்தரத்தில் நிற்க வேண்டும். இப்போதே ஒரு ஆளைப் பழக்கிக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது. எனக்கும் சேர்த்துத்தான் யோசித்தானாம். என்னைக் கேட்காமல் எனக்கும் சேர்த்து யோசிக்க இவனுக்கு யார் சொன்னார்கள்?

திருப்புளியை வீசிவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஒரு பக்கம் முறுக்கி ஒரு பக்கம் விட்டால் இந்த போர்டும் விரிசல் விடும். எனக்கு அரைகுறை வேலை செய்து பழக்கமில்லை. இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று. சரியாகத்தான் முறுக்கினேன். கை வலிக்கிறது என்று இந்தத் தடவை அவன் சொல்லவில்லை. எல்லாம் முடிந்ததும் கையை விடலாம் என்றேன், விட்டான். ஸ்விட்சைப் போட்டதும் இரண்டு ஃபேனும் ஓசையில்லாமல் சுற்றின. திரையில் சூடு நாற்பத்திரண்டு என்று காட்டியது. டீயோடு வந்த கிரண்குமார் சந்தோஷத்தில் கை தட்டினார்.

உண்மையைச் சொன்னால், அந்த டீயைக் குடிக்கும்போது எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவனும் பயந்தவன்தான், அம்மா பேச்சுக்கு ஆடியிருக்கிறான், பேசிப் பார்க்கலாம், இரண்டு நாற்காலி போட இடமிருக்கிறது என்றெல்லாம் மனசு இளகத் தொடங்கியது. இரத்தம் அப்படித்தான் வேலை செய்யும். அப்போதுதான் மோனிகா வந்தாள்.

முதல் பாட்டை மட்டுமாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள். முதலில் அவள் கண்ணில் பட்டது கூலர்தான். கஸ்டம்ஸில் தன்னை நிற்க வைத்த சாமான் இதுதானா என்று சிரித்தாள். பிறகு கையில் திருப்புளியோடு நின்ற என்னைப் பார்த்து நீங்கள் யார் என்று கேட்டாள். சந்தியா என்றேன். அவள் முகம் மலர்ந்தது. ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். திக்கித் திக்கிப் பேசும் தமிழில், "உங்களுக்குக் கல்யாணம் ஆயி வேலூர் போயிட்டீங்க, வேலை விட்டுட்டீங்கன்னு மண்டபத்துல அண்ணா சொன்னாரே" என்றாள். வாழ்த்துச் சொல்ல மெயில்கூட எழுத நினைத்தாளாம்.

நான் அண்ணனைப் பார்த்தேன். பயத்தில் கேட்காமல் விட்டவன் என்று ஒரு நிமிஷம் முன்னால்தான் மன்னிக்கப் பார்த்தேன். பயந்தவன் சும்மா இருந்திருப்பான். இவன் எனக்குக் கல்யாணமே செய்து வைத்து, வேலூருக்கு அனுப்பி, வேலையையும் நானே விட்டுவிட்டதாக ஆக்கியிருக்கிறான். அவள் மண்டபத்தில் என்னைத் தேடிக்கொண்டிருந்தபோது நான் சித்தூரில் அவளுடைய படத்துக்காக மேஜையைத் துடைத்து வைத்துக் காத்திருந்தேன்.

இன்னும் ஆகவில்லை என்று மட்டும் மோனிகாவிடம் சொன்னேன். அவள் குழம்பிப்போய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, எப்படியானால் என்ன, நீங்கள் இருந்தால் நீங்களே என் படத்தை முடித்துக் கொடுங்கள், உங்களுக்காகத்தானே இதைத் தூக்கிக்கொண்டு வந்தேன் என்றாள்.

அண்ணன் ஒரு நொடியில் மாறினான். முகத்தில் சிரிப்பு வந்தது. கிரண்குமாரை நகரச் சொல்லிவிட்டு, நாற்காலியைத் தன் கையாலேயே இழுத்து என் பக்கம் திருப்பினான். "இவங்கதான் மேடம் எல்லாமே. இவங்க இல்லன்னா இந்த ஸ்டூடியோவே இல்ல. உக்காரும்மா சந்தியா, உக்காரு" என்றான்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். பெண்ணைப் பெற்றவர்களிடம் ஆல்பம் காட்டும்போது பேசுகிற குரல். ஆறு வருடமாகப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன், வீட்டுக்கு வந்ததும் அதைச் சொல்லிக் காட்டி இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம். திட்டியிருக்கிறான், அடித்திருக்கிறான், என் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்றிருக்கிறான். அந்தக் குரலில் மட்டும் என்னிடம் பேசியதே இல்லை. எத்தனை வருடம் ஆசைப்பட்ட நாற்காலி, ஒரு எட்டு வைத்தால் உட்கார்ந்துவிடலாம். ஏசி காற்று நேராக அதன் மேல்தான் வந்துகொண்டிருந்தது. உட்கார எனக்கு உடம்பு கூசியது.

திருப்புளிகளைத் துடைத்துப் பையில் போட்டேன். மோனிகாவிடம், கிரண்குமார் நன்றாகச் செய்வார், முதல் பாட்டை மட்டும் நான் வெட்டி வைத்திருக்கிறேன், பிடித்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கிரண்குமாரிடம், பெட்டியை எங்கே எடுத்துப் போனாலும் படுக்க வைத்துத்தான் எடுத்துப் போக வேண்டும் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே சரி என்றார். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றவனிடம் கடைசியாகப் போனேன்.

"மிஷின் ரெடி சார்" என்றேன். "நான் கெளம்பறேன்."

அவன் முகம் செத்துப்போயிற்று.  கதவைத் தாண்டினேன், மாடிப்படியில் மெதுவாகவே இறங்கினேன். இரண்டு வளைவு, இருபத்திரண்டு படி. பின்னால் வந்து சந்தியா என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் திரும்பிப் போயிருப்பேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரோட்டுக்கு வந்தும் கொஞ்ச நேரம் நின்றேன். மேலே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் கூப்பிடவில்லை.